ஆண்டறிக்கையில் ‘அனைவரும்’

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவரில் ஒருவர் கையில்தான் இந்த முறை பள்ளியின் ஆண்டறிக்கை வந்து விழும். கையெழுத்து அழகாக இருப்பவரிடமோ, முடியாது என்று சொல்லத் தெரியாதவரிடமோதான் அந்த வேலையைக் கொடுப்பார்கள். நான் இரண்டாவது வகை. ஐந்தாம் வகுப்பையும் பார்த்துக்கொண்டு, ஆண்டுதோறும் அறிக்கையையும் எழுதினேன். விருப்ப ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இருந்தும் ஆண்டு விழா நெருங்கும் நாள்களில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறது. நம் பள்ளியின் விழாக் கூடம் முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தலைமுடி மெல்ல மிதக்கிறது. நான் மைக் முன்னால் நின்று படிக்கிறேன். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. தாளிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று சின்ன மீன்களைப் போல மேலே போகின்றன.

ஏன் அந்தக் கனவு என்று எனக்குத் தெரியும். அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நம் அறிக்கைக்கு இரண்டே பக்கம். இடது பக்கம் ‘இவ்வாண்டின் சாதனைகள்’. வலது பக்கம் ‘வரும் ஆண்டுக்கான திட்டங்கள்’. இடது பக்கத்தில் கையெழுத்துப் போட்டியில் வாங்கிய பரிசு, மாடியில் தொட்டி வைத்து வளர்த்த அரைக்கீரை, மாறுவேடப் போட்டி எல்லாம் வரும். அந்தப் பக்கத்தை எழுதும்போது ஒரு சொல் தானாகப் பேனாவிலிருந்து இறங்கும். அனைவரும். மாணவர்கள் அனைவரும் பங்கேற்றனர். அனைவரும் பயனடைந்தனர். அந்தச் சொல்லை எழுதுவதற்கு யாரையும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. அதுதான் அதில் உள்ள சௌகரியம்.

நான் சொல்லும் வருடத்தில் என் பெண் யாழினி நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அறிக்கைக்காக ஒவ்வொரு வகுப்பிலும் வாசிப்புச் சோதனை நடந்தது. தன் வகுப்பைத் தானே சோதிக்கக் கூடாது என்பதால் வகுப்புகளை மாற்றிக்கொண்டோம். மூன்றாம் வகுப்பு எனக்கு வந்தது. ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து, அதுவரை பார்த்திராத நான்கு வரிகள் அச்சிட்ட அட்டையைக் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். வாசித்தால் பெயருக்கு நேரே ஒரு டிக்.

பட்டியலில் யாழினி கடைசி. அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது சாப்பாட்டு மணி அடித்தது. வெயில் சன்னல் கம்பி வழியாக அவள் தோள்மேல் கோடுகோடாக விழுந்திருந்தது. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். டிக் போட்டேன். அட்டையைக் கொடுக்கவில்லை. டீச்சர் பெண்ணுக்கு எதற்கு அட்டை? என் கண்முன்னால் வளரும் பிள்ளை. தமிழ்ப் பாடம் முழுவதையும் ராகம் போட்டு ஒப்பிப்பவள்.

அன்று வீட்டில் உட்கார்ந்து இடது பக்கத்தின் முதல் வரியாக இதை எழுதினேன்: ‘மூன்றாம் வகுப்பு மாணவர்கள் அனைவரும் தமிழைத் தடையின்றி வாசிக்கிறார்கள்.’

விழாவுக்கு மூன்று நாள் இருந்தது. மாலை பள்ளி விட்டு லஸ் முனையில் பேருந்துக்கு நின்றோம். எங்கள் வீடு அடையாறில். தட்டச்சான அறிக்கை என் கையில். எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டே, “நம்ம வண்டி வந்தா சொல்லுடி” என்றேன்.

கொஞ்ச நேரத்தில், “வந்துடுச்சும்மா” என்றாள். ஏறினோம். கூட்டம். பெண்களுக்குத்தான் கட்டணம் இல்லையே, எங்கே போகிறோம் என்று கேட்காமலே நடத்துநர் இரண்டு சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டு முன்னால் போய்விட்டார். மெட்ரோ வேலைக்காகத் தெருவெல்லாம் தகரத் தடுப்பு வைத்து, வண்டிகளைத் தினம் ஒரு பக்கமாகச் சுற்றிவிட்ட காலம் அது. பேருந்து திரும்பியதும் வளைந்ததும் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. சன்னலோரம் இடம் கிடைத்தது. மஞ்சள் வெயில் தாளின்மேல் அசைந்துகொண்டிருந்தது. திட்டங்கள் பக்கத்தில் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தி நிமிர்ந்தபோது, வெளியே துணிக்கடைகளின் பெயர்ப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஒரு கணம் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. பிறகுதான் பனகல் பூங்காவின் மரங்கள் தெரிந்தன.

“ஏங்க, இது அடையாறு வண்டி இல்லையா?”

நடத்துநர் திரும்பிப் பார்த்தார். “அடையாறா? அசோக் நகர் வண்டிம்மா இது! பாக்க டீச்சர் மாதிரி கீற, கையில இவ்ளோ பேப்பர் வச்சினுகீற, போர்டு படிக்கத் தெரியாதா உனக்கு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“சும்மா தமாசு, கோச்சுக்காத. எறங்கி எதிர்ப்பக்கம் நில்லு.”

யாழினி அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: “அங்கிள், எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.”

“அடடா, அம்மாவ விட்டுக் குடுக்குதா பாரு!” என்று பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினார். எல்லோருக்கும் அது வேடிக்கை. நானும் சிரித்தேன். படியில் இறங்கும்போதுதான் என் கைக்குள் இருந்த அவள் கை சில்லென்று இருப்பதை உணர்ந்தேன்.

பூங்காவில் ஒரு சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தோம். பைகளோடு ஜனங்கள் வெளியே ஆறு போலப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சல் எங்கோ தொலைவில் நடப்பது போல இருந்தது.

“போர்டுல என்ன பார்த்து ஏறினே?”

“அ. நம்ம வண்டி அ-ல ஆரம்பிக்கும். இதுவும் அ-ல ஆரம்பிச்சுது.”

“அதுக்கப்புறம் இருக்கிற எழுத்து?”

“அதெல்லாம் நிக்கவே மாட்டேங்குதும்மா. நகருது.”

வகுப்பில் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். பக்கத்தில் உட்காரும் பர்வீன் முதலில் முணுமுணுப்பாளாம், அதைக் கேட்டு இவள் சத்தமாகச் சொல்வாளாம். எல்லோரும் சேர்ந்து இரண்டு முறை படித்தால் பாடம் முழுவதும் மனப்பாடம் ஆகிவிடுமாம்.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“அன்னிக்கு நீ கார்டு குடுப்பேன்னு நெனச்சேன். குடுத்தா தெரிஞ்சிடும்னு நெனச்சேன். நீ சிரிச்சுட்டு டிக் போட்டுட்டே.” சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தாள். “எனக்கு அப்போ ஜாலியாவும் இருந்துச்சு, அழுகையாவும் இருந்துச்சு.”

எத்தனையோ பெற்றோரிடம், ‘நீங்கள்தான் வீட்டில் கவனிக்க வேண்டும்’ என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது அத்தனை முகங்களும் என்னைக் கடந்து போயின. 

மறுநாள் காலை பிரார்த்தனைக்கு முன்பே தலைமையாசிரியை அறைக்குப் போனேன். பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். நாங்களும் அப்படித்தான். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வரியை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

“வரியை எடுத்துட்டா முடிஞ்சு போச்சா? சிறப்பு விருந்தினருக்கு ஒரு காப்பி போயாச்சு. அவங்க போன்ல பாராட்டினதே அந்த வரியைத்தான்.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஏம்மா, அங்க படிக்காதது யாரு? நீதான். கார்டைக் குடுக்காம முகத்தைப் படிச்சிருக்கே.”

“ஒருத்தரைத் தவிர மத்தவங்க வாசிக்கிறாங்கன்னு மாத்திடட்டுமா டீச்சர்?”

“அந்த ஒருத்தர் யாருன்னு கேக்க மாட்டாங்களா?”  மாடியில் யாரோ கீரைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், அது சன்னலுக்கு வெளியே சொட்டியது. “எழுதறதுன்னா உன் தப்பை எழுது. பிள்ளையை எழுதாதே. கேட்டாலும் சொல்லாதே.”

“கேட்டா என்ன சொல்றது?”

“அது உன் சாமர்த்தியம்” என்றார். மணி அடித்துவிட்டது.

புதிய வரியை மிகக் கவனமாக எழுதினேன். வீட்டில் என் கணவரிடம் காட்டினேன். சக ஆசிரியை ஒருவரிடம் காட்டினேன். பெரிய டீச்சர் ஒரு கமாவை மாற்றினார். இத்தனை பேரிடம் காட்டியவள் யாழினியிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு எட்டு வயது. அறிக்கையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

விழா அன்று கூடம் நிறைந்திருந்தது. மூன்றாம் வகுப்பின் காய்கறி நாடகம் அறிக்கைக்கு அடுத்ததாக இருந்ததால், பிள்ளைகள் வேடத்தோடு மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாழினி கத்தரிக்காய். ஊதா அங்கி, தலையில் பச்சைக் காம்புத் தொப்பி. பக்கத்தில் பர்வீன் வெண்டைக்காய். காய்கறிகள் அத்தனையையும் தைத்துக் கொடுத்தவர் பர்வீனின் அப்பா. ராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவர்.

மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. வாசலில் கட்டியிருந்த காகிதத் தோரணத்தின் நிழல் சுவரில் அலை மாதிரி ஆடியது. நான் வாசித்தேன்.

“மூன்றாம் வகுப்பில் வாசிப்புச் சோதனை நடத்தியவள் நான். ஒரு குழந்தையை வாசிக்கச் சொல்லிக் கேட்காமலே, வாசிப்பதாகக் குறித்துவிட்டேன். அந்தக் குழந்தைக்கு இன்னும் வாசிப்பு வரவில்லை. தவறு என்னுடையது. வரும் ஆண்டில் ஒவ்வொரு குழந்தையையும் தனியே அமர்த்தி, முழுமையாகக் கேட்போம்.”

அடுத்த வரிக்குப் போவதற்குள் பர்வீனின் அப்பா எழுந்துவிட்டார்.

“டீச்சர், ஒரு நிமிசம். மன்னிச்சுக்குங்க. அது எம் பொண்ணா?”

“இல்லைங்க, நீங்க உட்காருங்க...”

“இல்ல, சொல்லிடுங்க டீச்சர். நான் எட்டாங்கிளாசோட நின்னவன். வூட்ல அவ படிக்கறது ரைட்டா தப்பான்னு எனக்கு இன்னா தெரியும்?”

பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா: “எங்க வீட்டுப் பையனா மிஸ்? நேத்துகூட தப்புத் தப்பாத்தான் படிச்சான்.” இன்னொருவர்: “யாருன்னு சொல்லிட்டா நாங்க நிம்மதியா நாடகத்தைப் பாப்போமே!” யாரோ சிரித்தார்கள். கீழே ஒரு தக்காளி அழ ஆரம்பித்தது. அதன் அம்மா மூன்றாவது வரிசையிலிருந்து விரலை ஆட்டி, ‘வீட்டுக்கு வா’ என்று சைகை செய்துகொண்டிருந்தாள்.

பெரிய டீச்சரைப் பார்த்தேன். அவர் மிக லேசாகத் தலையை ஆட்டினார். சொல்லாதே.

உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். ஒரு கூடம் முழுக்க உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது மனத்தில் முதலில் தோன்றுவது உண்மையாக இருக்கும். உண்மை என்பதாலேயே அதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். இன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை விசாரிக்கப்படும், அடிகூட வாங்கும் என்று பயந்தேன். அந்தத் தக்காளியின் அழுகையைக் கேட்க முடியவில்லை. என் குரல் மைக்கில் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

“என் பெண்தான். யாழினி.”

 கைதட்டல் எழுந்தது. சிறப்பு விருந்தினர் எழுந்து நின்று தட்டினார். இப்படி ஒரு நேர்மையைத் தான் கண்டதில்லை என்று தன் உரையிலும் இரண்டு முறை சொன்னார். பெற்றோர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மேடைக்குக் கீழே எல்லாக் காய்கறிகளும் திரும்பிக் கத்தரிக்காயைப் பார்த்தன. அவள் யாரையும் பார்க்கவில்லை. மோவாயின் கீழே கட்டியிருந்த நாடாவை அவிழ்த்து, பச்சைத் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நாடகத்தில் அவளுக்கு இரண்டு வரி வசனம். அவள் மேடையேறவில்லை. வெண்டைக்காய் இரண்டு காய்களுக்கும் சேர்த்துப் பேசியது.

வீடு திரும்ப ஆட்டோ பிடித்தேன். மந்தைவெளி தாண்டினோம். பாலத்தில் ஏறியதும் காற்று வந்தது. அடையாற்று முகத்துவாரத்தில் தண்ணீர் அசையாமல் வெள்ளித் தகடு மாதிரி கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எல்லாரும் உனக்குக் கை தட்டினாங்கல்ல?”

அவள் மடியிலிருந்து நழுவிய தொப்பியை எடுத்துக் கொடுத்தேன்.

“நான் உன்கிட்டதானே சொன்னேன். நீ எதுக்கு மைக்ல சொன்னே?”

 மற்ற பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஓரளவு உண்மைதான். ஆனால் கைதட்டல் கேட்ட அந்த நொடியில் உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது என்பதும் உண்மை. 

கூடத்தில் பெற்றோர் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் மூன்று நாள் கழித்து, அரிசி களையும்போது வந்தது. ‘நாளையிலிருந்து வகுப்புக்கு வாருங்கள். உங்கள் பிள்ளை வாசிப்பதை நீங்களே உட்கார்ந்து கேளுங்கள்.’ அவ்வளவுதான். கேட்டவர்களுக்கும் பதில் கிடைத்திருக்கும், யார் பெயரும் வெளியே வந்திருக்காது. பெரிய டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “அதைத் திட்டத்துல சேர்த்துடு” என்று மட்டும் சொன்னார். சேர்த்தேன். அடுத்த வருடம் சனிக்கிழமைகளில் பெற்றோர் வர ஆரம்பித்தார்கள். முதல் ஆளாக வந்தவர் பர்வீனின் அப்பா. கழுத்தில் அளவு நாடாவோடு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, மகள் வாசிக்க வாசிக்கத் தானும் உதட்டை அசைத்தார். போகும்போது, “நானும் ரெண்டு வார்த்தை கத்துகினேன் டீச்சர்” என்றார்.

யாழினியை அடையாறிலேயே ஒரு சிறப்புப் பயிற்சியாளரிடம் சேர்த்தோம். எழுத்துகளை மணலில் எழுதச் செய்தார், சொற்களைக் கைதட்டிப் பிரிக்கச் செய்தார். மாதங்கள் போயின. வாசிக்கும்போது நான் அருகில் இருந்தால் நிறுத்திவிடுவாள். நான் அடுத்த அறையில் துணி மடிப்பதுபோல நின்று கேட்பேன். ஒரு சொல், பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இன்னொரு சொல். கதவுக்கு அப்பால் யாரோ இருட்டில் படி தேடி இறங்குவது போலிருக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அடுத்த ஆண்டறிக்கை வந்தது. நான்காம் வகுப்பு ஆசிரியை தன் குறிப்பில், ‘வாசிக்க இயலாதிருந்த மாணவி யாழினி இன்று தானாக வாசிக்கிறாள்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். நியாயமான பெருமை. அவரும் உழைத்தவர்தான். அதை இடது பக்கத்தில் சேர்த்துத் தட்டச்சு செய்தேன். பிறகு நிறுத்தினேன்.

மாலையில் அந்தத் தாளை யாழினியிடம் கொடுத்தேன். “இதுல உன்னைப் பத்தி ஒரு வரி இருக்கு. போடலாமா வேணாமான்னு நீயே சொல்லு.”

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். “இரு” என்றாள். முதல் வரியிலிருந்து தொடங்கினாள். மிகவும் நேரம் ஆனது. ‘ஊட்டச்சத்து’ என்ற சொல்லில் மூன்று முறை தடுக்கி, மேசையில் மெல்லத் தட்டித் தட்டிப் பிரித்து, கடந்து போனாள். தன் பெயர் வந்த வரியை இரண்டு முறை வாசித்தாள்.

பென்சிலை எடுத்து அந்த வரியின்மேல் நேராக ஒரு கோடு போட்டாள்.

“சரி” என்றேன். தாளை வாங்கக் கை நீட்டினேன்.

“இன்னும் முடிக்கலை” என்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தொடர்ந்தாள். கீழே கடைசி வரிக்கு வந்ததும் நின்றாள். உதடு அசைந்தது. மறுபடியும் முதலிலிருந்து அந்த வரியை வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“பொம்பளைப் பசங்க பாத்ரூம்ல தாழ்ப்பாள் எல்லாம் சரி பண்ணியாச்சுன்னு போட்டிருக்கே. யாரு பார்த்தா?”

“பியூன் சொன்னார்.”

“ரெண்டாவது கதவுல இன்னும் இல்லை. நாங்க ஒருத்தி வெளிய நின்னு புடிச்சுக்கறோம்.”

மறுநாள் போய்ப் பார்த்தேன். இல்லை. அந்த வரியை எடுத்து வலது பக்கத்தில், திட்டங்களில் முதலாவதாக வைத்தேன்.